இருபது நிமிடத்தில் உருவான உரை

நுழையும்முன்

கேட்போர் உள்ளத்தில் உணர்ச்சியைத் தூண்டுதல் நாவன்மை உடையோர்க்கு எளிது; தூண்டிய உணர்ச்சியை நெறிப்படுத்துதல் அரிது. இரண்டையும் ஒரே உரையில் நிகழ்த்திக்காட்டிய இளைஞர் ஒருவரின் பேச்சுத்திறனை இப்பாடம் ஆராய்கிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரியில், பேருந்தின் முன்வரிசைகள் அக்காலத்தில் வெள்ளையர்க்கு உரியவையாக இருந்தன. அவர்களுக்கு இடம் போதாதபோது, கறுப்பினத்தவர் எழுந்து தம் இருக்கையை விட்டுத்தர வேண்டியிருந்தது. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் என்னும் தையற்பணிப் பெண்மணி எழ மறுத்தார், கைது செய்யப்பட்டார். டிசம்பர் 5 அன்று கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். அன்று பிற்பகல் தோன்றிய மாண்ட்கோமரி முன்னேற்றச் சங்கத்திற்கு, 26 வயதான மார்ட்டின் லூதர் கிங் தலைவரானார். மாலையில் ஹோல்ட் தெருத் தேவாலயத்தில் அவர் பேசவேண்டும். ஒரு ஞாயிறு மறையுரைக்கே 15 மணிநேரம் செலவிடும் வழக்கமுடையவருக்கு அன்று கிடைத்ததோ ஏறத்தாழ 20 நிமிடம்!

மக்கள் தளர்ந்துவிடாதவாறு எழுச்சியூட்டவேண்டும்; அவ்வெழுச்சி வன்முறையாக மாறிவிடவும் கூடாது. இதுவே அவர்முன் நின்ற சிக்கல்.

மேடைப்பேச்சுக்குரிய எடுத்தல், தொடுத்தல், முடித்தல் ஆகிய மூன்றும் இவ்வுரையில் தெளிவாக அமைந்துள்ளன. எடுத்தலில் ஆரவாரம் இல்லை. வழக்குரைஞர் ஒருவர் வழக்கை எடுத்துரைப்பதுபோல நிகழ்ந்ததைக் கூறி, ரோசா பார்க்ஸின் நேர்மையை எவராலும் ஐயுற இயலாது என நிறுவினார். பின்னர், ஒடுக்குமுறையைச் சுமந்து மக்கள் சோர்ந்துபோகும் காலம் ஒன்று வரும் என்றார். தேவாலயம் அதிர்ந்தது, வெளியே ஒலிபெருக்கிவழிக் கேட்டுநின்ற ஆயிரக்கணக்கானோரும் முழங்கினர். அதே தொடக்கத்தை மீண்டும் மீண்டும் எடுத்தாண்டார். கோடை வெயிலிலிருந்து தள்ளப்பட்டுப் பனிமலைக் குளிரில் நிற்போர் நிலைக்குத் தம் மக்களின் நிலையை ஒப்பிட்டார். கறுப்பினத்தவரின் தேவாலயங்களில் பேசுவோருக்குக் கேட்போர் உரக்க மறுமொழி கூறுவது மரபு. அது பேச்சுக்கு இடையூறன்று. பேச்சின் ஒரு பகுதியே.

உணர்ச்சி உச்சம் தொட்டபின் கிங் அதனை அடக்கிய முறையே உரையின் உயிர்நாடி எனலாம். தம் கையில் உள்ள கருவி எதிர்ப்பு ஒன்றே என்றார். பேருந்து நிறுத்தங்களில் நாம் சிலுவைகளை எரிக்கமாட்டோம். எவரையும் வீட்டிலிருந்து இழுத்துச்சென்று கொல்லமாட்டோம் என்னும் பொருள்பட உரைத்தார். அக்கொடுமைகளைச் செய்துவந்தோர் யாவர் என்பதை அரங்கிலிருந்த ஒவ்வொருவரும் அறிவர். தம் மக்களுக்கு விதித்த கட்டுப்பாடே எதிரிகள்மீதான குற்றச்சாட்டாகவும் அமைந்தது. ஒரு வசைச்சொல்லும் தேவைப்படவில்லை.

நாம் செய்வது தவறெனில் உச்ச நீதிமன்றமும் தவறு, அரசியலமைப்பும் தவறு, இறைவனும் தவறு என்று ஏணிப்படிபோல் உயர்ந்தது அடுத்த வாதம். அடுத்துப் புறக்கணிப்பைத் தொடரும் தீர்மானம் படிக்கப்பட்டது. மக்கள் எழுந்துநின்று ஏற்றனர். 1963ஆம் ஆண்டின் வாஷிங்டன் உரையே உலகப்புகழ் பெற்றது. ஆயினும், கேட்டோர் மறுநாள் காலையிலேயே நடந்து பணிக்குச் செல்லவேண்டியிருந்த மாண்ட்கோமரி உரைக்கே சோதனை மிகுதி.

புறக்கணிப்பு 381 நாள் நீடித்து, உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வெற்றியில் முடிந்தது. அதற்கிடையே, 1956 ஜனவரி 30 இரவு கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உயிர்தப்பினர். ஆயுதங்களுடன் திரண்டு கொதித்துநின்ற கூட்டத்தின்முன், சிதைந்த முகப்பில் நின்று சில சொற்களே பேசினார்: ஆயுதம் வைத்திருப்போர் வீட்டுக்கு எடுத்துச்செல்லுங்கள் என்று வேண்டினார். கூட்டம் கலைந்து சென்றது.