பாட்டிமாரின் பெஞ்சு

தலைவலி, காய்ச்சல் என்றால் நாம் தயங்காமல் வீட்டில் சொல்லிவிடுகிறோம். பல வாரங்களாக மனம் கனத்து, உறக்கமும் பசியும் அற்றுப்போனால் அதை எந்தச் சொல்லால் சொல்வது என்றே நமக்குத் தெரிவதில்லை. ஆப்பிரிக்காவிலுள்ள ஜிம்பாப்வே நாட்டு மக்களிடம் அதற்கு ஒரு சொல் உண்டு. ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்பர். அளவுக்கு மிஞ்சி யோசித்தல் என்பது பொருள். மருத்துவர்கள் மனச்சோர்வு என்று கூறுவதை அவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் குறிக்கின்றனர். நம் வீட்டுப் பெரியவர்களும், “யோசித்து யோசித்தே இளைத்துவிட்டாள்” என்பதில்லையா?

2005ஆம் ஆண்டில், டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண் தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டாள். மருத்துவமனைக்கு வரப் பஸ் கட்டணம் 15 டாலர் கையில் இல்லை என்றார் அவளுடைய தாயார். அச்சொல் மருத்துவரை உறங்க விடவில்லை. மறு ஆண்டு, தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில், சுகாதாரப் பணி செய்துவந்த 14 பாட்டிமாருக்கு அவர் பயிற்சி அளித்தார். மருத்துவ நிலையத்துக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சு போடப்பட்டது.

முதலில் அதற்கு ‘மனநல பெஞ்சு’ என்றே பெயர். ஒருவரும் உட்காரவில்லை! நான்கு பேர் பார்க்க அதில் யார் அமர்வார்? பாட்டிமார் சொன்னபடி ‘நட்பு பெஞ்சு’ என்று மாற்றிய பிறகே மக்கள் வரத் தொடங்கினர்.

அங்கே பாட்டி 14 கேள்விகள் கேட்பார். கடந்த வாரத்தில் அதிகமாக யோசித்தீர்களா என்பது அவற்றுள் ஒன்று. பிறகு காது கொடுத்துக் கேட்பார். இதற்கு ‘மனத்தைத் திறத்தல்’ என்று பெயர். வந்தவர் தம் தொல்லைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, வழியையும் தாமே தேடவேண்டும். பாட்டி உடனிருப்பார், தீர்ப்புச் சொல்லமாட்டார். (பாட்டிகளுக்கு இது எவ்வளவு கடினம் என்பதை நாம் அறிவோம்.) உயிரை வெறுத்துப் பேசுவோரை மட்டும் உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிடுவர்.

24 மருத்துவ நிலையங்களில் 573 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு 2016இல் வெளிவந்தது. ஆறு மாதங்களுக்குப்பின், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பெஞ்சில் அமர்ந்தவர்களில் 14 விழுக்காட்டினருக்கே இருந்தது.

பெஞ்சோடு பேச்சு நின்றுவிடுவதில்லை. முன்பு அதில் அமர்ந்தவர்கள் ‘கைகோத்திருப்போம்’ என்னும் பொருள்படும் பெயரில் வட்டமாகக் கூடுகின்றனர். வீசியெறிந்த பிளாஸ்டிக்கைக் கொண்டு கொக்கி ஊசியால் பைகள் பின்னியபடியே, தாம் பட்டதைப் புதிதாய் வந்தவருக்குச் சொல்கின்றனர். கையில் பின்னல் இருந்தால் எதிரில் இருப்பவர் முகம் பாராமலே பேசிவிடலாம்; இதை நாமும் தையல் வகுப்பில் கண்டிருக்கிறோம்.