1500ஆம் ஆண்டு வெனிசுப் பதிப்பும் புனித கத்தரீன் கடிதங்களின் வைப்புமுறையும்

சியன்னாவின் புனித கத்தரீன் (1347–1380) தொஸ்கானா வட்டார மொழியில் விடுத்த கடிதங்களின் முதல் பெருந்தொகுப்பு, 1500 செப்டம்பரில் வெனிசு நகரில் ஆல்டஸ் மனூசியஸ் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. 1492இல் பொலோனியாவில் அச்சான சிறு தொகுப்பில் 31 கடிதங்களே இருந்தன; இதில் 350க்கும் மேற்பட்டவை உள்ளன.

அச்சு வரலாற்றாய்வாளர் இந்நூலைப் போற்றுவது பிறிதொரு காரணம் பற்றியே. முழுப்பக்க மரச்செதுக்குப் படத்தில் கத்தரீன் ஏந்தியுள்ள நூலிலும் இதயத்திலும் ஒருசில சொற்கள் சாய்வெழுத்தில் அமைந்துள்ளன. பிரான்செஸ்கோ கிரிஃபோ வடித்த அவ்வெழுத்து அச்சில் முதன்முதல் தோன்றிய இடம் இது. நூல் முழுவதும் அவ்வெழுத்தால் அமைந்தது 1501இன் வெர்ஜில் பதிப்பில்தான். இச்சிறப்பு நூலின் மூலபாடச் சிக்கலைப் பெரிதும் மறைத்துவிட்டது எனலாம்.

கத்தரீன் சொல்லச் சொல்ல நேரி பாலியரேசி, ஸ்தேபனோ மாக்கோனி முதலிய சீடர்கள் எழுதினர். மூலத் தாள்களுள் எஞ்சியவை மிகச் சிலவே. பின்னர்ப் படியெடுத்தோர், பக்திப் பயிற்சிக்கு வேண்டாதவை எனக் கருதிய தனிச்செய்திகளைப் பலவிடங்களில் நீக்கினர். பெரும்பாலான கடிதங்களில் நாட்குறிப்பும் இல்லை. இந்நிலையில் கடிதங்களை எவ்வாறு வரிசைப்படுத்துவது என்பது வெறும் அமைப்புச் சிக்கலன்று, பொருள்கோளையே தீர்மானிப்பது.

புனிதர் பட்டத்திற்காக வெனிசில் உழைத்த தொமினிக்கத் துறவி தொம்மாசோ கஃபரீனி, கடிதம் பெற்றோரின் தகுதிநிலை நோக்கித் தொகுத்தார். திருநிலையினரும் துறவியரும் முன்னே, பொதுநிலையினர் பின்னே. ஆல்டஸ் பதிப்பும் இம்மரபையே தழுவியது. இதன் விளைவை 1376ஆம் ஆண்டுக் கடிதங்களில் தெளிவாகக் காணலாம். அவிஞ்ஞோனிலிருந்து உரோமைக்குத் திரும்புமாறு திருத்தந்தை பதினோராம் கிரகோரிக்கு எழுதியவை தொடக்கத்தில் நிற்கின்றன. அவரோடு போரிட்டுக்கொண்டிருந்த புளோரன்ஸ் ஆட்சியாளருக்கு அதே ஆண்டில் எழுதியவையோ வெகு தொலைவில் உள்ளன. முன்னவற்றை மட்டும் படிப்போர்க்குக் கத்தரீன் இடித்துரைக்கும் இறைவாக்கினராகத் தோன்றுவார். இரண்டையும் அருகருகே வைத்தால், இருதரப்பையும் ஒரே வேளையில் கடிந்து இணக்கத்திற்கு அழைக்கும் தூதராகத் தோன்றுவார். பின்னதே வரலாற்றோடு பொருந்துவது.

1860இல் நிக்கொலோ தொம்மசேயோ காலமுறைப்படி வரிசைப்படுத்த முயன்றார். அவர் கணித்த காலங்கள் பல ஐயத்திற்குரியன. ஆயினும் அவர் இட்ட எண்களே இன்றும் மேற்கோளுக்கு வழங்குகின்றன. யூஜேனியோ துப்ரே தெசைதர் 1940இல் தொடங்கிய ஆய்வுப் பதிப்போ 88 கடிதங்கள் கொண்ட முதல் தொகுதியோடு நின்றுவிட்டது.