அநீதியுள்ள உக்கிராணக்காரன்

நம் ஆண்டவர் அருளிய உவமைகளுள் கற்போரை மிகவும் இடர்ப்படுத்துவது, லூக்கா சுவிசேஷம் 16ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் உக்கிராணக்காரன் உவமையே எனலாம். ஐசுவரியவான் ஒருவனுடைய பொருளை விரயஞ் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட உக்கிராணக்காரன், கணக்கை ஒப்புவிக்கக் கட்டளை பெறுகிறான். உழைக்க உடல் வலியில்லை, இரக்கவோ நாணம். ஆகவே எஜமானுடைய கடனாளிகளைத் தனித்தனியே அழைத்து, நூறு குடம் எண்ணெயை ஐம்பதாகவும், நூறு கலம் கோதுமையை எண்பதாகவும் அவரவர் கையாலேயே சீட்டை மாற்றி எழுதச் செய்கிறான். இதனை அறிந்த எஜமான் சினவாது மெச்சுகிறான். சென்ற ஆண்டு ஓய்வுநாட் பள்ளியில் இக்கதையை யான் சொல்லி முடித்தபோது, சிறுவன் ஒருவன் எழுந்து, "அண்ணா, அப்படியானால் இயேசு சுவாமி திருடனையா நல்லவன் என்றார்?" என்று வினவினான். மணி அடித்தமையால் அன்று தப்பினேன்.

குடம், கலம் என்னும் சொற்களால் அக்கடனின் பருமை நமக்குப் புலப்படுவதில்லை. மூலத்தில் எண்ணெய்க்குப் பாத்து, கோதுமைக்குக் கோர் என்னும் அளவைகள் உள. பத்துப் பாத்துக் கொண்டது ஒரு கோர் என்பது எசேக்கியேல் 45ஆம் அதிகாரத்தால் விளங்கும். ஒரு பாத்து 20 லிட்டருக்குக் குறையாது எனக் கொண்டாலும், எண்ணெய் 2,000 லிட்டர், கோதுமை 20,000 லிட்டர் ஆகின்றன. இவர்கள் கூழுக்குக் கடன்பட்டவரல்லர். பெருவணிகரோ பெருங்குத்தகைக்காரரோ ஆதல் வேண்டும். ஏழைகட்கு இரங்கினான் என்று அவனைக் காக்கப் புகுவார்க்கு அவ்வழி அடைபட்டது.

ஹிந்து சட்ட அறிஞராகிய டங்கன் டெரெட் என்பார் 1961இல் வேறொரு விளக்கந் தந்தார். இஸ்ரவேலர் தம் சகோதரரிடம் வட்டி வாங்கலாகாதென்பது உபாகமம் 23ஆம் அதிகார விதி. அவ்விதியைச் சுற்றிச் செல்ல வட்டியை முதலோடு சேர்த்துச் சீட்டெழுதினர் என்றும், உக்கிராணக்காரன் தள்ளியது அவ்வட்டியையே என்றும் அவர் கருதினார். எஜமான் மறுத்தால் தன் வட்டித்தொழில் வெளிப்படும். மெச்சினாலோ தருமவான் என்னும் பெயர் வரும். நயமான விளக்கமே. ஆயினும் உவமையில் வட்டி என்னும் பேச்சே இல்லை. எஜமான் மெச்சும் அவ்வாக்கியத்திலேயே அவன் அநீதியுள்ளவன் எனப்படுகிறான். ஆதலின் என் மனம் அதில் நிலைபெறவில்லை.

நிற்க. அவன் செயலுக்கு எஜமான் தந்த அடைமொழி யாது? 'புத்தியாய்' என்பதே, 'நீதியாய்' என்பதன்று. அதே கிரேக்கச் சொல்லடியே மத்தேயு 10இல் சர்ப்பத்திற்கும், 25இல் விளக்கேந்திய கன்னியர் ஐவருக்கும் வருகிறது. சர்ப்பத்தைப் போலிருங்கள் என்றவர் அதன் நஞ்சை வேண்டினாரல்லர். தன் உத்தியோகம் முடிகிறதென்று அவன் ஐயமற உணர்ந்தான். சீட்டுகள் தன் கையிலிருக்கும்போதே செயற்பட்டான். மெச்சப்பட்டது அவ்வளவே.

இனி, இன்னுமொரு முடிச்சு உளது. அவன் செய்ததை நாம் எங்ஙனம் பின்பற்றுவது? 12ஆம் வசனம் நம் கையிலுள்ள பொருளை வேறொருவருடையது என்று குறிக்கின்றது. அவன் உடையவன் இசைவின்றிக் கடனைத் தள்ளினான்; நமக்கோ உடையவரே தள்ளச் சொல்கிறார். கர்த்தருடைய ஜெபத்தில் கடன் மன்னிப்பை நாள்தோறும் வேண்டுகிறோம் அல்லவா? அவனுக்குக் களவாயிருந்தது நமக்குக் கீழ்ப்படிதலாகின்றது.

இசைவு என்னும் இவ்வேறுபாட்டை யான் நூலில் மாத்திரம் கற்றேனல்லேன். விடுதியின் உணவுக் கணக்கை ஒரு பருவம் எழுதிவந்த காலத்தில், நெருங்கிய நண்பர் இருவரின் விருந்தினர் சாப்பாட்டைக் குறைத்தெழுதினேன். தாராள மனத்தன் என்று அவர்கள் என்னைப் புகழ்ந்தனர். குறைந்த தொகை மற்றெல்லோர் பங்கிலும் ஏறிற்று. கட்டணத்திற்காக வீட்டிற்கு இருமுறை கடிதமெழுதிக் காத்திருந்த ஒரு மாணவன் பங்கிலும் ஏறிற்று. அவன் இசைவை யான் கேட்டேனல்லேன். அப்பணத்தைப் பின்னர் என் உதவித்தொகையிலிருந்து கட்டினேன். அவனிடம் சொல்லத்தான் மேலும் ஒரு மாதம் சென்றது.

அடுத்த ஓய்வுநாளில் அச்சிறுவனிடம், எஜமான் மெச்சியது அவன் முன்னறிவை, களவையன்று, என்றேன். அவன் சற்று எண்ணி, "அப்படியானால் அவனுக்கு வேலை திரும்பக் கிடைத்ததா?" என்றான். வேதத்தை மறுபடியும் பார்த்தேன். கிடைத்ததாக எழுதப்படவில்லை.