தெரிந்து கொள்வோம்: குஷ் நாட்டு ஒற்றைக்கண் அரசி

எகிப்து என்றால் நைல் நதி, பிரமிட்டு என்று நம் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். அந்த எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடான் நாட்டில், குஷ் என்றொரு ராச்சியம் இருந்தது. நம்மில் அநேகம் பேர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

ஆளப்பட்டவர்கள் ஆண்டார்கள்

குஷ் பக்கத்தில் தங்கம் கிடைத்தது. எகிப்து சும்மா விடுமா? கி.மு. 1500 அளவில் அந்த நாட்டைப் பிடித்து, 400 வருடங்களுக்கு மேல் ஆண்டது. தங்கள் கல்வெட்டுகளில் ‘இழிந்த குஷ்’ என்றே எழுதி வைத்தார்கள். ஆனால் கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பியே என்ற குஷ் மன்னர் எகிப்தையே வென்றார். அவர் வம்சத்தார் எகிப்தின் அரசர்களாகவும் இருந்தார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரியர் வந்து அவர்களைத் துரத்தினார்கள். சூடானில் இன்றும் 200க்கு மேற்பட்ட பிரமிட்டுகள் நிற்கின்றன. எகிப்தில்கூட அவ்வளவு இல்லை!

ரோமருடன் சண்டை

கி.மு. 30இல் ரோமர் எகிப்தைப் பிடித்தார்கள். குஷ் அவர்களுடைய தெற்கு எல்லையானது. ரோமப் படையில் ஒரு பங்கு அரபு நாட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கி.மு. 25 அளவில் குஷ் படை எல்லை ஊர்களைத் தாக்கியது. அகுஸ்துஸ் சக்கரவர்த்தியின் சிலைகளையும் பெயர்த்தது. அப்போது நாட்டை நடத்தியவர் ஒரு பெண். ‘கந்தாகே’ என்பது அவர் பட்டம். பெயர் அமானிரேனஸ் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அவருக்கு ஒரு கண் பார்வை இல்லை என்று ஸ்திராபோ என்ற கிரேக்க ஆசிரியர் எழுதியிருக்கிறார்.

ரோமர் பதிலுக்கு வந்து நபாட்டா நகரை அழித்தார்கள். பிடிபட்டவர்களை அடிமையாக விற்றார்கள். எல்லைக் கோட்டையொன்றில் 400 வீரரையும் இரண்டு வருடச் சாப்பாட்டையும் வைத்துவிட்டுத் திரும்பினார்கள். அரசி ஓயவில்லை. மறுபடியும் படையோடு அந்தக் கோட்டைக்கு வந்தார்.

பேச்சுவார்த்தை

கடைசியில் அரசியின் தூதர்கள் சாமோஸ் தீவில் சக்கரவர்த்தியையே நேரில் கண்டு பேசினார்கள். கி.மு. 20 அளவில் உடன்பாடு ஏற்பட்டது. எல்லையில் ஒரு சிறு பகுதி ரோமரிடம் இருந்தது. ஆனால் குஷ் மேல் போட்ட வரி நீக்கப்பட்டது. அதன்பின் ராச்சியம் 300 வருடங்களுக்கு மேல் நிலைத்தது.

மண்ணுக்குள் இருந்த சாட்சி

இந்தச் சண்டையின் கதையை எழுதி வைத்தது ரோமர் பக்கம். குஷ் மக்களுக்கும் சொந்த எழுத்து உண்டு. அதை ஒலித்து வாசிக்கலாம். பொருள்தான் இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஆனால் 1910இல் மெரோவே நகரில் தோண்டியபோது, ஒரு கோயில் படிக்கட்டின் அடியில் அகுஸ்துஸின் வெண்கலத் தலை அகப்பட்டது. ஏறி இறங்குகிற ஒவ்வொருவரும் அதை மிதித்தே போக வேண்டும் என்று புதைத்திருக்கிறார்கள்! எழுத்து சொல்லாததை அந்தத் தலை சொல்கிறது. ஒரு சனத்தின் சரித்திரத்தை மற்றவர் எழுதியதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

பிள்ளைகளிடம் கேளுங்கள்

1. குஷ் ராச்சியம் இன்றைய எந்த நாட்டில் இருந்தது?
2. அரசியின் தூதர்கள் பெற்று வந்தது என்ன?
3. சிலையின் தலையைப் படிக்கட்டின் கீழ் வைத்தது ஏன்?