கடலில் மீன் குறைவது ஏன்?

ஈப்போச் சந்தையில் நாம் வாங்கும் கெம்போங், நெத்திலி, திருக்கை ஆகியவற்றுள் பல பங்கோர், ஊத்தான் மெலிந்தாங், கோல செப்பெத்தாங் முதலிய பேராக் கரையோரங்களிலிருந்து வருபவை. மீன் விலை ஏறும்போது வியாபாரியைக் குறைகூறும் நாம், கடலில் நிகழும் மாற்றத்தையும் அறிந்துகொள்வது நன்று.

1960களில் மலாக்கா நீரிணையில் இழுவை வலைப் படகுகள் பெருகின. கடலடியை வாரிச் செல்லும் இவ்வலை பெரிய மீனோடு குஞ்சுகளையும் அள்ளிவிடுகின்றது. அக்குஞ்சுகள் 'ஈக்கான் பாஜா' என்னும் பெயரில் தீவனத்திற்குப் போகின்றன. சுறாவும் திருக்கையும் மெதுவாக வளர்ந்து சில குட்டிகளையே ஈனுபவை. ஆதலின் அவை முதலில் அருகுகின்றன. விரைந்து வளரும் சிறுமீன்களும் கணவாயும் அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. தாய்லாந்து வளைகுடாவில் 1961இல் ஒரு மணிநேர இழுவைக்கு ஏறத்தாழ 300 கிலோ மீன் கிடைத்தது. 1980களில் அது ஏறத்தாழ 50 கிலோவாகச் சரிந்தது.

இதனுடன் வெப்பமும் சேர்கின்றது. நீர் சூடேறினால் அதில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். மீனுக்கோ அப்போதுதான் உயிர்வளி மிகுதியாகத் தேவைப்படும். 1998, 2010, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் மிகுந்து, நம் நாட்டுப் பவளப்பாறைகள் வெளிறின. அவற்றை அண்டி வாழும் மீன்களும் இடர்ப்பட்டன.

இவ்விரு துன்பங்களும் தனித்தனியானவை அல்ல. முதிய மீன்களும் இளைய மீன்களும் கலந்துள்ள கூட்டம், ஓராண்டு குஞ்சு பொரிப்பது பொய்த்தாலும் மறு ஆண்டு தழைக்கும். முதியவற்றை வலை அள்ளிய பின், வெப்பம் மிகுந்த ஒரு பருவமே அக்கூட்டத்தை நலிவித்துவிடும். சுற்றளவு போதாத ரப்பர் மரத்தில் பால் வெட்டலாகாது என்பதைத் தோட்ட மக்களாகிய நாம் அறிவோம். கடலுக்கும் அந்நெறியே பொருந்தும்.

இதற்காகவே 1980களில் வகுக்கப்பட்ட முறைப்படி, கரையிலிருந்து 5 கடல்மைல் வரையிலான பகுதி பாரம்பரிய மீனவருக்கென ஒதுக்கப்பட்டது. 1985இல் மீன்வளச் சட்டமும் இயற்றப்பட்டது. ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள மாத்தாங் அலையாத்திக் காடு மீன், இறால் குஞ்சுகளுக்குத் தொட்டிலாக விளங்குகின்றது.

நம் பங்கும் உண்டு. விரலளவேயான கெம்போங் குஞ்சுகளை வாங்காதிருப்போம். ஈப்போ வழியே ஓடும் கிந்தா ஆறு பேராக் ஆற்றில் கலந்து, பாகான் டத்தோ அருகே கடலை அடைகின்றது. அதில் நாம் எறியும் குப்பை மீன் குஞ்சுகள் வளரும் கழிமுகத்தையே சென்று சேர்கின்றது. ஆற்றைத் தூய்மையாக வைத்திருப்பதும் மீன்வளத்தைக் காப்பதேயாகும்.