மினி டிராக்டர் ஸ்டார்ட் ஆகலையா?



உழவு நேரத்தில் குழு டிராக்டர் நின்றுவிட்டால் வாடகையும் போச்சு, கடன் தவணையும் தள்ளிப்போகும். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நீங்களே பாருங்க.

1. கியர் நியூட்ரலில் இருக்கணும். கிளட்சை முழுசா மிதிக்கணும். இல்லையென்றால் பல வண்டிகளில் செல்ஃப் எடுக்காது.

2. ஹெட்லைட் போடுங்க. மங்கலாக எரிந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

3. 'டக் டக்' சத்தம் மட்டும் வருதா? சார்ஜ் குறைவாக இருக்கலாம். டெர்மினல் லூசாகவோ பூத்துப்போயோ இருக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்க. சுத்தம் செய்து, அதைக் கடைசியில் மாட்டுங்க.

4. லைட் பிரகாசமா இருந்தும் சத்தமே இல்லையா? ஃபியூஸைப் பாருங்க. அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போடணும். கம்பி சுற்றக் கூடாது.

ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஸ்க்ரூடிரைவர் வைத்து ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீங்க. கியரில் இருந்தால் வண்டி ஆள்மேலேயே ஏறிவிடும்.

இதைக் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டுங்க.