அர்மீரியாவுக்கு ஆகாத மாதம் ஜூலை

புனேயின் கராடியில் அர்மீரியா வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே வெயிலை நினைத்துத்தான் தயங்குகிறார்கள். ஆனால் இங்கே அந்தச் செடியைக் கொல்வது ஜூலை மாத ஈரம். ஸீ திரிஃப்ட் என்றும் பெயருள்ள இந்தச் செடி வடக்கு ஐரோப்பாவின் கடலோரப் பாறைகளிலும் உப்புச் சதுப்புகளிலும் தானாக வளர்வது. புல் போன்ற மெல்லிய இலைகள் நெருக்கி வளர்ந்து திண்டு மாதிரி உருண்டிருக்கும். அதிலிருந்து இலையே இல்லாத காம்புகள் ஒரு சாண் உயரம் எழும்பி, நுனியில் இளஞ்சிவப்புப் பூக்கொத்தைத் தாங்கி நிற்கும். இலை ஒடுங்கியது, உடல் தரையோடு ஒட்டியது, ஆணிவேர் ஆழமாக இறங்குவது. காற்றுக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்க அமைந்த உடல் இது. பத்தாவது மாடிப் பால்கனியில் மற்ற செடிகளைக் கிழித்துப்போடும் காற்று இதை ஒன்றும் செய்வதில்லை. புனே வெயில் 38 டிகிரியைத் தொட்டாலும் அது வறண்ட வெயில். மதியத்துக்கு மேல் நிழல் கிடைத்தால் செடி சோர்ந்து நிற்குமே தவிர, உடனே சாகாது.

மழை அப்படியல்ல. இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். புனேயின் ஆண்டு மழை ஏறக்குறைய 700 மில்லிமீட்டர், லண்டனில் 600 சொச்சம். லோணாவளாவில் 4000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழை மலையைத் தாண்டிக் கிழக்கே வருவதற்குள் வற்றிவிடுகிறது. நகரின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கராடி மழை மறைவுப் பகுதிதான். பிரிட்டன் மழையைத் தாங்கும் செடி இந்த மழையைத் தாங்காதா? அளவை மட்டும் பார்த்தால் தாங்க வேண்டும். ஆனால் அங்கே மண் நனைந்து கிடப்பது குளிர்காலத்தில், மண்ணே ஜில்லென்று இருக்கும்போது. அப்போது வேரும் தூங்குகிறது, வேரை அழுகச் செய்யும் பூஞ்சைகளும் தூங்குகின்றன. இங்கே ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் பெய்கிறது. அந்த மாதங்களில் இரவு வெப்பமும் 22 டிகிரியை ஒட்டியே இருக்கும். சூடும் ஈரமும் ஒன்றாகச் சேரும் இந்த நிலைதான் பித்தியம், ஃபைட்டாப்தோரா போன்ற வேரழுகல் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நெருக்கமான இலைகளுக்கு நடுவே காற்று புகாமல் தண்ணீர் தங்கினால் அழுகல் மேலிருந்தும் தொடங்கும். ஆகவே இந்தச் செடிக்குச் செய்யும் பராமரிப்பு அத்தனையும், மண் கலவையில் இருந்து தொட்டியின் இடம் வரை, அந்த நான்கு மாதங்களை மனதில் வைத்தே அமைய வேண்டும் என்பது என் கட்சி.

கடற்கரைச் செடியாயிற்றே, புனேயை விடச் சென்னைக்கும் மும்பைக்கும்தானே பொருந்தும் என்று சிலர் கேட்பதுண்டு. உப்பை இது தாங்கும், ஆனால் உப்பு இதற்குத் தேவையில்லை. ஐரோப்பாவில் கடலை விட்டு வெகுதூரத்தில், மலை உச்சிகளிலும், வேல்ஸ், ஜெர்மனி போன்ற இடங்களில் செம்பும் துத்தநாகமும் கலந்த பழைய சுரங்கக் கழிவு மண்ணிலும்கூட இது வளர்கிறது. வேறு செடிகள் பிழைக்க முடியாத ஏழை மண்ணில் போட்டியில்லாமல் வாழப் பழகிய செடி. அங்கெல்லாம் பொதுவாக இருப்பது தண்ணீர் தேங்காத மண்ணும் குளிர்ச்சியும்தான். சென்னையில் குளிர்ச்சி அறவே கிடையாது. 2000 மீட்டருக்கு மேலிருக்கும் ஊட்டி, கொடைக்கானல் தோட்டங்களுக்கு இது சுலபம். சுமார் 560 மீட்டர் உயரத்தில், டிசம்பர், ஜனவரி இரவுகளில் 11, 12 டிகிரிக்கு இறங்கும் புனே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இங்கே முயற்சி வீண் இல்லை, சுலபமும் இல்லை. உப்பைத் தாங்கும் குணம் ஒரு வகையில் கராடிக்கு உதவவும் செய்கிறது. டேங்கர் தண்ணீரோ போர்வெல் தண்ணீரோ ஊற்றும் மண் தொட்டிகளின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அந்த உப்பு பல செடிகளின் இலை நுனியைக் கருக்கிவிடும். அர்மீரியா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சொசைட்டியில் சுத்திகரித்துப் புல்வெளிக்கு விடும் தண்ணீரையும் தயங்காமல் இதற்கு ஊற்றலாம்.

மண்ணுக்கு வருவோம். கராடியின் சொந்த மண், முளா-முட்டா ஆற்றை ஒட்டிய கரிசல். மழையில் உப்பிப் பசையாகும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். பருத்திக்கு நல்லது, இந்தச் செடிக்குச் சவக்குழி. அதற்குப் பயந்து பலர் எதிர்த் திசைக்குப் போய்த் தென்னைநார்க் கழிவை, அதாவது கோகோபீட்டைப் பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். எடை குறைவு, மாடிக்குத் தூக்கச் சுலபம் என்பது உண்மைதான். ஆனால் கோகோபீட் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மே மாதத்தில் வரமாகத் தெரியும் அந்தக் குணம் ஜூலையில் சாபமாகிவிடும். கையருகே இருக்கும் நல்ல சரக்கு, கட்டட வேலைக்காரர்கள் முரூம் என்று சொல்லும் சிதைந்த பாறைச் சரளை. அதைச் சலித்துத் தூசியை நீக்கி ஒரு பங்கு, கழுவிய பருமணல் இரண்டு பங்கு, நர்சரியில் லால் மாத்தி என்று மூட்டையில் தரும் சிவப்பு மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு கைப்பிடி. எம்-சாண்ட் பயன்படுத்தினால் அதிலுள்ள மாவு போன்ற தூள் போகும்வரை கழுவ வேண்டும்; கழுவாவிட்டால் அதுவே சிமெண்ட் போல இறுகிவிடும். மண்புழு உரமும் ஜீவாமிர்தமும் மாதம் தவறாமல் ஊற்றும் கைகளுக்கு இந்தச் செடியிடம் வேலையில்லை. சத்து மிகுந்தால் இலை கொழுத்துத் தளர்ந்து விழும், பூ குறையும்.

தொட்டியின் அடியில் ஒரு அடுக்கு ஜல்லி போட்டால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்ற நம்பிக்கை எங்கும் இருக்கிறது. நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண் துளைகளில் பிடிபட்ட தண்ணீர், கீழே பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்கு லேசில் இறங்காது. மண் முழுக்க ஊறி நிரம்பிய பிறகே சொட்டும். ஆக, தொட்டியின் அடியில் இருந்திருக்க வேண்டிய ஈரப் பகுதி ஜல்லியின் உயரத்துக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. ஜல்லியை அடியில் போடாமல் மண்ணோடு கலக்க வேண்டும். இன்னும் கொஞ்சத்தை மேலே, இலைத் திண்டின் கழுத்தைச் சுற்றிப் பரப்பினால் இலைகள் ஈரமண்ணில் படியாது. கருங்கல் சில்லு வெயிலில் சூடேறும் என்பதால் வெளிர்நிறக் கூழாங்கல் மேல். தட்டையான கிண்ணத் தொட்டியை விட ஓர் அடி ஆழமுள்ள, வண்ணம் பூசாத மண் தொட்டி நல்லது; கீழே தட்டு வைக்கக் கூடாது.

செடி வாடியதும் தண்ணீர் ஊற்றுவது நம் கைப்பழக்கம், அதுதான் பாதிச் செடிகளைக் கொல்கிறது. வறட்சியால் வாடும் அர்மீரியாவில் வெளிப்புற இலைகள் நுனியிலிருந்து காயும்; பிடித்து இழுத்தால் செடி அசையாது. அழுகும் செடியில் திண்டின் நடுப்பகுதி முதலில் வைக்கோல் நிறமாகும். ஒரு கொத்தை லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும், அதன் அடி கறுத்துக் கூழாகியிருக்கும். இரண்டாவது நிலையில் தண்ணீரை அறவே நிறுத்தி, கறுத்த பகுதியை வெட்டி எடுத்து, மிஞ்சியதைப் புது மணலில் வைப்பதுதான் ஒரே வழி. பல நேரம் அதுவும் பலிக்காது.

இடத்தைப் பொறுத்தவரை வெயில் நிறையக் கேட்கும் செடி என்று எல்லாக் குறிப்புகளும் சொல்கின்றன. அவை குளிர்நாட்டு வெயிலுக்கு எழுதப்பட்டவை. இங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை தெற்குப் பால்கனியில் நாள் முழுக்க வெயில் காட்டலாம்; அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உள்வரைக்கும் வெயில் வரும். மார்ச் வந்ததும் கிழக்குப் பக்கம் மாற்றிவிட வேண்டும். காலை வெயில், பிற்பகல் நிழல். தென்மேற்குப் பருவமழை மேற்குக் காற்றோடு வருவதால் அதே கிழக்குப் பால்கனி ஜூனிலும் கைகொடுக்கும். மேல் மாடியின் தளம் குடையாக நிற்க, சாரலும் அதிகம் படாது. கிழக்குப் பால்கனி இல்லாத வீட்டுக்காரர்களுக்கு இந்தச் செடியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

இவ்வளவு பாடுபட்டு ஓர் அந்நியச் செடி எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான்: விதையிலிருந்து வளர்த்தால் இது பொதுவாக இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும். அதாவது ஒரு முழு மழைக்காலத்தைக் கடந்தால்தான் பூவைப் பார்க்க முடியும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு இதே குடும்பத்திலேயே மாற்று இருக்கிறது. வீதியோரங்களில் வான்நீலமாகப் பூக்கும் நீலச் சித்திரமூலம் அர்மீரியாவின் சொந்தக்காரன். நம் ஊர் வெள்ளைச் சித்திரமூலமும், குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் ஒன்றாகக் கபிலர் சொல்லும் செங்கொடுவேரியும் அப்படியே. தோற்றத்தில் கொஞ்சமாவது நெருக்கம் வேண்டுமென்றால் ஸ்டாட்டிஸ் இருக்கிறது. அதுவும் தண்ணீர் தேங்கினால் பிழைக்காது, ஆனால் ஒரே பருவத்தில் பூத்து முடிந்துவிடும், மழை வருவதற்குள் அதன் வேலை ஆகிவிடும். காகிதம் போன்ற அதன் புல்லிவட்டம் வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் நிறம் மாறாமல் உலரும்.

என் யோசனை, அர்மீரியாவையும் ஸ்டாட்டிஸையும் சேர்த்து விதைப்பது. அர்மீரியா விதை வாங்கும்போது பாக்கெட்டில் நீலப் பூ அச்சிட்டிருந்தால் தொடவே வேண்டாம். இது இளஞ்சிவப்பு, சிவப்பு, வெள்ளையில்தான் பூக்கும். அக்டோபர் பிற்பாதியில், விதையைச் சில மணி நேரம் ஊறவைத்து, மணல் கலந்த தட்டில் மேலாகத் தூவினால் இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும். ஸ்டாட்டிஸ் அதே குளிர்காலத்தின் கடைசியில் பூவைத் தந்துவிடும். அர்மீரியா நாற்றுகளைத் தனித்தனித் தொட்டிக்கு மாற்றி, மார்ச்சில் கிழக்கே வைத்து, ஜூலையில் மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் காட்டி, எத்தனை தேறுகின்றன என்று பார்க்க வேண்டும். பாதி போகும் என்று கணக்கு வைத்து விதைப்பது நல்லது. செப்டம்பர் முடிவில் நடுப்பகுதி பச்சையாக நிற்பவற்றை மட்டும் ஆழமான தொட்டிக்கு மாற்றி, நவம்பரில் தெற்கு வெயிலுக்குக் கொண்டுபோகலாம். பூத்து வாடிய காம்புகளை அடியோடு வெட்டிவிட்டால் அதே கொத்திலிருந்து இன்னும் சில மொட்டுகள் எழும்.